லாரியின் பின்பக்கம்

ராணுவம் கழித்துக்கட்டிய லாரி ஒன்றை ஏலத்தில் எடுத்து வீட்டு வாசலுக்கு ஓட்டிவந்தபோது, என் மனைவி அதை மேலும் கீழும் பார்த்தாள். "இத வச்சு யார்கூட சண்டைக்குப் போகப் போறீங்க?" என்றாள்.

சண்டைக்கு இல்லை, சாலை இல்லாத இடங்களுக்குப் போகத்தான். நான் சிறுசேரியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் நாள் முழுக்கத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவன். கூட்டுச் சேர்ந்து லாரி எடுத்தவன் என் பள்ளிக்கூட நண்பன். தாம்பரத்தில் லாரி உதிரிபாகக் கடை அவர்களுடையது. அவன் வாப்பா காலத்திலிருந்து நடக்கிறது. மலையேறவும் ஆற்று மணலில் இறங்கவும் ஒரு வண்டி வேண்டுமென்று கல்லூரி நாளிலிருந்தே இருவருக்கும் ஒரு பைத்தியம்.

எங்கள் தெருவில் அதைத் திருப்பவே முடியாது. மாடம்பாக்கத்தில் கோயிலைத் தாண்டி ஒரு காலி மனையில் நிறுத்திக்கொள்ள இடம் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைகள் அதன் அடியிலேயே கழிந்தன. மூட்டுக்கு மூட்டு கிரீஸ் அடிப்போம். பிரேக் குழாயில் காற்று கசிகிற இடத்தைச் சோப்பு நுரை தடவிக் கண்டுபிடிப்போம். ஸ்டீயரிங்கை ஒடித்துத் திருப்பியே எனக்குத் தோள்பட்டை இறுகிவிட்டது.

பின்பக்கம் எதிரெதிராக இரண்டு நீள மரப்பெஞ்சுகள். மேலே இரும்பு வளைவுகளில் இழுத்துக் கட்டிய கித்தான். சித்திரை வெயிலிலும் உள்ளே தலையை நீட்டினால் மழையில் நனைந்த துணி வாசனை அடிக்கும். கித்தானை மாற்றினோம், பலகைகளைத் தேய்த்துக் கழுவினோம். வாசனை போகவில்லை.

முதல் பயணத்திலேயே இன்னொன்றும் தெரிந்தது. காலி லாரி மேடுபள்ளத்தில் குதிக்கும். ஓட்டுகிறவன் தலை கூரையில் இடிக்கும். எங்கள் வண்டி குதிக்கவில்லை. வண்டலூருக்கு அந்தப் பக்கம் வறண்ட ஏரிக்குள் இறக்கியபோது, சுமை ஏற்றிய வண்டி போல நிதானமாகத் தாழ்ந்து எழுந்தது.

நண்பன் என்னைப் பார்த்தான். "இன்னா மச்சான், காலி வண்டி மாதிரியா கீது இது?"

இறங்கிப் போய்ச் சக்கரங்களுக்கு மேலுள்ள வில்பட்டைகளைத் தட்டிப் பார்த்தான். எல்லாம் சரியாக இருந்தன. பின்பக்கம் எட்டிப் பார்த்தான். ஒன்றும் இல்லை. "பழைய பட்டை, இறுகிப்போயிருக்கும்" என்று அவனே ஒரு காரணம் சொன்னான். நானும் தலையாட்டினேன்.

அந்தக் கார்த்திகையில் மழை விடவே இல்லை. அடையாறு கரை தாண்டி முடிச்சூர்ப் பக்கம் தெருக்களுக்குள் வந்துவிட்டது. காலையிலேயே நண்பன் போன் செய்தான். "கார் எதுவும் போவல. படகு இன்னும் வரல. நம்ம வண்டி போவும் மச்சான்."

தண்ணீர் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, விசிறி பெல்ட்டைக் கழற்றினான். இல்லாவிட்டால் விசிறி தண்ணீரை வாரி இன்ஜின் மேலேயே அடிக்கும். "கொஞ்ச தூரம்தான், சூடேறாது. மெதுவா வுடு, இன்ஜின நிறுத்தாத" என்றான். மதில்சுவர்களின் தலை மட்டும் தெரிந்த தெருவில் ஊர்ந்தோம். கார்கள் எங்கே முழுகிக் கிடக்கின்றன என்பது அவற்றின் மேல் நீர் சுழிப்பதில்தான் தெரிந்தது. லாரியின் சத்தத்தைத் தவிர ஊரில் வேறு சத்தமே இல்லை.

முதல் வீட்டின் மாடிப்படியில் ஓர் அக்கா உட்கார்ந்திருந்தார். வீட்டிலேயே தையல் தைப்பவர். அண்மையில் முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. நண்பன் மார்பளவுத் தண்ணீரில் இறங்கி, அவரைச் சுமந்துவந்து பின்பலகை வரை தூக்கினான். நான் இன்ஜின் அணைந்துவிடாமல் ஆக்சிலரேட்டரில் கால் வைத்தபடி கேபினிலேயே இருந்தேன். "ஏறிட்டாங்க!" என்று அவன் குரல் கேட்டது. அடுத்தடுத்த வீடுகளிலிருந்து இன்னும் சிலர் ஏறினார்கள். மேட்டுப் பகுதியில் முகாம் போட்டிருந்த பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டோம்.

அந்த அக்கா உள்ளே போகாமல் லாரியையே பார்த்துக்கொண்டு நின்றார். "அந்தத் தம்பி இறங்கலையா?"

"எந்தத் தம்பி கா?" என்றேன்.

"உள்ள இருந்து கை குடுத்தாரே, அவருதான். இவரு கீழேர்ந்து தூக்கினாரு, அவரு மேலேர்ந்து இழுத்தாரு. கை சில்லுனு இருந்துச்சு. பாவம், ஒரு வார்த்த பேசல."

அந்த அக்காதான் முதலில் ஏறியவர். அவருக்கு முன் உள்ளே யாரும் கிடையாது. நண்பன் என்னைப் பார்க்கவில்லை. "அவருக்கு வேல கீது கா, நீங்க உள்ள போங்க" என்று மட்டும் சொன்னான்.

இரண்டாவது தடவை, முகாமில் எங்களோடு சேர்ந்துகொண்ட ஒருவர் கீழே நின்று தூக்குவதாகச் சொன்னார். நண்பன் வாய்க்குள் பிஸ்மி சொல்லிக்கொண்டு பின்பக்கம் ஏறினான். இந்த முறை ஏகப்பட்ட கூட்டம். திரும்பும்போது வண்டியின் கனத்தை ஸ்டீயரிங்கில் உணர்ந்தேன். பள்ளிக்கூட வாசலில் நிறுத்தி, நானே போய்ப் பின்பலகையை இறக்கினேன்.

மூச்சுவிட இடமில்லாமல் நின்றார்கள். கைக்குழந்தைக்காரி ஒருத்தி வளைவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கேபினை ஒட்டிய மூலையில், பெஞ்சில் ஓர் ஆள் உட்காரும் இடம் காலியாக இருந்தது. பக்கத்தில் இருந்தவர் முட்டியை ஒடுக்கி ஒதுங்கி உட்கார்ந்திருந்தார்.

"ஏங்க, குழந்தையோட நிக்கிறாங்க. அங்க உக்காரச் சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"ஆள் இருக்கு சார்" என்றார் அவர், பேருந்தில் சொல்வதுபோலச் சாதாரணமாக.

வரிசையாக இறங்கினார்கள். கடைசியாக நண்பன் இறங்கினான். சாயங்காலம் வரை போய்ப் போய் வந்தோம். நான் பின்பக்கம் பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

தண்ணீர் வடிந்த பிறகு அச்சுகளில் எண்ணெயை மாற்றினோம். தண்ணீர் கலந்து மோர்போல வெளுத்து வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அவன் சொன்னான்: "அன்னிக்கு ஏறினதும் நகந்து உக்காந்தேன் மச்சான். யாரும் நகரச் சொல்லல. ஆனா நகந்தேன்."

"பயமா இருந்துச்சா?"

"அப்ப இல்ல. வூட்டுக்குப் போய்க் குளிக்கும்போதுதான் நடுங்கிச்சு."

வண்டியை விற்றுவிடலாம் என்றேன். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. அத்தனை பேரைக் கரையேற்றிய வண்டி, அதை எதற்காக விற்க வேண்டும் என்று கேட்டான்.

தை மாதம், அந்தத் தையல்கார அக்கா தன் கூடப்பிறந்த தம்பியைக் கூட்டிக்கொண்டு நண்பனின் கடையைத் தேடி வந்தார். அன்று நானும் அங்கே இருந்தேன். அக்கா கையில் ஒரு பொட்டலம். உள்ளே புதுச் சட்டை, சாம்பல் நிறம்.

"அந்தத் தம்பிக்கு. அவரு போட்டிருந்தது தோள்ல கிழிஞ்சிருந்துச்சு. கண்ணளவுலதான் தச்சேன், சரியா இருக்கும்" என்றார். "எந்த ஊரு அவருக்கு?"

நண்பன் இரண்டு கையாலும் பொட்டலத்தை வாங்கிக்கொண்டான். "வெளியூரு கா. வந்தா குடுத்துடறேன்."

பிரித்த சட்டையை லாரியின் பின்பக்க மூலையில், வளைவுக் கம்பியில் மாட்டினான். நான் தடுக்கவில்லை. அடுத்த பயணம் குன்றத்தூரைத் தாண்டி ஓர் ஏரிக்கரைக்கு. கித்தானை நாலு பக்கமும் இறுக்கிக் கட்டியிருந்தோம். மதியம் சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுக்கப் பின்பலகையை இறக்கினேன். சட்டை இல்லை. கயிறு ஒன்றுகூட அவிழவில்லை.

வந்த வழியே நடந்துபோய்க் கரை நெடுகத் தேடினோம். சேற்றில் எங்கள் சக்கரத் தடம் மட்டும் இருந்தது. திரும்பி வந்து, லாரி நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். சாப்பிட்டு முடித்ததும் அவன் டயர்களைக் காலால் உதைத்துப் பார்த்துவிட்டுக் கேபினில் ஏறினான். நான் வண்டியைக் கிளப்பினேன்.