ஓக் மரத்தடியில் அம்மாவுக்குப் படையல்

இந்த ஊரில் மரத்தடியில் உட்காருவதற்கு முன்னால் மரத்திடம் அனுமதி கேட்க வேண்டும். நானாகச் சொல்லவில்லை, பாடத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது. வேல்ஸ் நாட்டில் ஒரு சின்ன ஊர். முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போகிற வழியில், காலை ஏழு மணிக்கு, ரோட்டோரக் காட்டில் ஓர் ஓக் மரத்தின் முன்னால் நின்று, "உட்காரலாமா?" என்று கேட்கிறேன். தமிழில்தான். ஆங்கிலம் மட்டும் அதற்குத் தெரியுமா என்ன! பதில் வரும் வரை காத்திருக்க வேண்டுமாம். எது பதில்? இலை அசைவதா, அசையாமல் இருப்பதா? ஒரு நாள் நாயைக் கூட்டிக்கொண்டு வந்த ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "எதையாவது தொலைத்துவிட்டீர்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பாவம், அவரும் கால் மணி நேரம் குனிந்து தேடினார்.

இந்தப் பக்கத்தில் ஆதிகாலத்தில் மரத்தையும் ஆற்றையும் கும்பிட்ட ட்ரூயிட் என்ற பூசாரிகள் இருந்தார்களாம். அவர்கள் வழியை இந்தக் காலத்துக்கு ஏற்றபடி மீட்டெடுத்து, பள்ளிக்கூடம் போலப் பாடம் நடத்துகிறார்கள். மாதம் ஓர் உறை தபாலில் வரும். படித்து, மரத்தடியில் உட்கார்ந்து, தோன்றியதை நோட்டில் எழுதி வழிகாட்டிக்கு அனுப்ப வேண்டும். என் வழிகாட்டி க்வென், ஓய்வுபெற்ற நூலகர், எழுபது வயதிலும் மழைக்குக் குடை பிடிக்காதவர். எங்கள் பக்கம் சாமி கும்பிட யாரும் நோட்டுப் போட்டதில்லை. திருத்தணி மலைக்குப் போனால் அம்மா படிக்குப் படி மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றிக்கொண்டே போவாள். ஏன் என்று நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. இறங்கி வந்ததும் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் ஆளுக்கு இரண்டு மசால்வடை. அப்புறம் எங்கள் ஊர் திருவாலங்காட்டுக்குப் பஸ் ஏறிவிடுவோம்.

அம்மா போய் இரண்டு வருஷம் ஆகிறது. அப்போது என் பாஸ்போர்ட் விசா அலுவலகத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. போன் திரையில் அவள் முகத்தைப் பார்த்தேன், அதுவும் நடுநடுவே உறைந்து உறைந்து நின்றது. காரியம், படையல் எல்லாம் அண்ணன் குமரேசன் செய்தான். என் கையால் அவளுக்கு ஒரு வாய் சோறு வைக்கவில்லை. அந்த வயிற்றெரிச்சலோடு அலைந்துகொண்டிருந்தபோதுதான் நூலகத்தில் க்வென் ஒட்டியிருந்த அறிவிப்பு கண்ணில் பட்டது. பாடத்தில் முன்னோர்களுக்குப் படைப்பதும் உண்டு என்று எழுதியிருந்தது. வேறெதையும் நான் படிக்கவில்லை, அன்றைக்கே சேர்ந்துவிட்டேன்.

அக்டோபர் கடைசியில் அந்தப் படையல் நாள் வந்தது. பத்துப் பேர் அதே ஓக் மரத்தைச் சுற்றி நின்றோம். அவரவர் செத்தவர் பேரைச் சொல்லி ரொட்டி, ஆப்பிள், கேக் என்று வேரடியில் வைத்தார்கள். நான் அம்மா பேரைச் சொல்லி மசால்வடை வைத்தேன். எங்கள் வீட்டில் படைத்ததும் எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவோம். நாம் பார்த்துக்கொண்டு நின்றால் வந்தவர்கள் கூச்சப்பட்டுச் சாப்பிடாமல் போய்விடுவார்களே! காட்டில் கதவுக்கு எங்கே போவது? எல்லோரையும் அந்தப் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னேன். மறுபேச்சில்லாமல் திரும்பினார்கள். கொஞ்ச நேரம் கழித்து நான் போய், என் வடையோடு அவர்களுடைய ரொட்டி, கேக் எல்லாவற்றையும் தட்டில் வாரிக்கொண்டு வந்து, ஆளுக்குக் கொஞ்சமாகப் பிட்டு நீட்டினேன். நானும் ஒரு வடையை வாயில் போட்டுக்கொண்டேன். ஒருவரும் வாங்கவில்லை. ஓர் அம்மாள், தன் கணவருக்கு வைத்த கேக் என் கையில் இருப்பதைப் பார்த்து அழவே ஆரம்பித்துவிட்டார்.

"அது அவர்களுடையது, ஜமுனா" என்றார் க்வென்.

"ஆமாம். அவர்கள் சாப்பிட்டாயிற்று. இனி நமக்குத்தான்."

"சாப்பிட்டு முடித்தார்கள் என்று உனக்கு எப்படித் தெரியும்?"

கிண்டலாகக் கேட்டிருந்தால் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன். க்வென் உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். வாரியதையெல்லாம் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன். அடுத்த வாரம் என் நோட்டு திரும்பி வந்தபோது கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தார்: "கொடுத்ததைத் திரும்ப எடுப்பதில்லை என்பது எங்கள் வழக்கம். அடுத்த நிலைக்குப் போகிறவர்கள் இந்த வழக்கங்களைக் காப்பதாக எல்லோர் முன்னாலும் வாக்குக் கொடுக்க வேண்டும். உன்னால் முடியுமா? யோசித்துச் சொல்."

அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"இன்னா ஜமுனா, மரத்த கும்புட்டுகினு கீறியாமே? மதம் மாறிட்டியா?"

"அதெல்லாம் இல்லண்ணா. பாடம் படிக்கிறேன்."

"சாமி கும்புட்றதுக்குப் பாடமா? நம்ம அம்மா எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சா?"

வடைக் கதையைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு குரல் மாறியது.

"நீ துன்னியா இல்லியா?"

"ஆங், ஒண்ணு துன்னேன்."

"அப்ப சரி. வெச்சிட்டு அப்டியே வந்துட்டா அது படையல் இல்லம்மா, தூக்கிப் போட்டது. நாம துன்னாத்தான் அவ நம்ம வூட்டு ஆளு."

அவன் சொன்னது நியாயம்தான். க்வென் எழுதியதும் நியாயம்தான். கொடுத்தாயிற்று என்றால் கொடுத்தாயிற்று, அதில் நமக்கென்ன பங்கு? ஆனால் பங்கே இல்லாவிட்டால் நான் அவளுக்கு யார்? இந்த வயதில் இப்படிக் குழம்பித் தவிப்பேன் என்று நான் நினைத்ததே இல்லை. அம்மா மேல்கூடக் கோபம் வந்தது. இத்தனை படி ஏறினாளே, ஒரு படியிலாவது உட்கார்ந்து எனக்கு எடுத்துச் சொல்லியிருக்கலாம்!

இன்று அம்மா திதி. க்வெனுக்கு இன்னும் பதில் எழுதவில்லை. விடிந்ததும் வடை சுட்டு எடுத்துக்கொண்டு தனியாகத்தான் வந்தேன். மரத்திடம் அனுமதி கேட்கக்கூட மறந்துவிட்டேன். வேரடியில் இலை போட்டு வைத்துவிட்டு, இரண்டடி தள்ளி, ரோட்டைப் பார்த்துத் திரும்பி நிற்கிறேன். எடுத்துச் சாப்பிட்டால் இந்த ஊர்ப் பாடம் இன்றோடு முடிந்தது. சாப்பிடாமல் போனால் அண்ணன் சொன்ன மாதிரி தூக்கிப் போட்டதாக ஆகிவிடும். எதுவானாலும் முதலில் அவள் சாப்பிட்டு முடிக்கட்டும். எப்படித் தெரியும் என்று க்வென் கேட்டதற்கு இப்போதுதான் பதில் தெரிகிறது. எங்கள் வீட்டில் அதைச் சொல்வது அம்மாதான். சாத்திய கதவில் காதை வைத்துக் கேட்டு, "ஆங், துன்னுட்டாங்க, தொறங்க" என்பாள். நாங்கள் திறப்போம். இன்று சாப்பிடுவதே அவள், திறக்கச் சொல்ல யார் இருக்கிறார்கள்? நான் வேலைக்குப் போகிற பஸ் வந்து, நின்று, போய்விட்டது. நான் இன்னும் திரும்பவில்லை.