ஐந்து கற்களும் ஆற்றோர முனியும்

தொண்ணூறுகளின் நடுவில் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. மலேசியாவில் லாபு பக்கம் நான் பிறந்த ரப்பர் தோட்டத்தையே கணினிக்குள் ஏற்றும் வேலை! தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றாகிவிட்டது. லயத்து வரிசைவீடுகளில் இருந்த ஜனங்களுக்கு, என் அம்மாவுக்கும்தான், அடுக்குமாடியில் வீடு. தோட்டத்து மலைக்காட்டில் யாரோ எந்தக் காலத்திலோ நட்டுவைத்த நெடுங்கற்கள் உண்டு என்று பழைய வரைபடம் ஒன்று சொன்னது. வெள்ளிக்கிழமைக்குள் இடத்தைக் காட்டினால் மலையை விட்டுவிடுவார்கள். இல்லையென்றால் திங்கட்கிழமை புல்டோசர் ஏறும்.

தொல்லியல் குழுவில் நான் தற்காலிக உதவியாளர். ஜி.ஐ.எஸ். என்கிற கணினி வரைபட முறையை அப்போதுதான் படிக்கிறேன். வெள்ளைக்காரத் துரை காலத்து வரைபடக் காகிதத்தை மின்பலகையில் ஒட்டி, கோடுகளைச் சுட்டியால் தொட்டுக்கொண்டே போனால் அவை திரையில் வரும். நான் குளித்து வளர்ந்த ஆறு திரையில் வளைந்து ஓடியபோது நாற்காலியிலேயே துள்ளிவிட்டேன். காகிதத்தில் கற்களுக்கு ஐந்து பெருக்கல் குறி, பக்கத்தில் கோயிலுக்கு ஒரு சின்ன முக்கோணம்.

காகிதத்திலும் தரையிலும் இருக்கிற இடங்களை ஒன்றோடொன்று பொருத்தினால்தான் பழைய படம் புதுப்படத்தின்மேல் சரியாக உட்காரும். "நாலு இடமாவது வை. மூன்றே வைத்தால் தப்பு இருந்தாலும் கணினி சொல்லாது" என்றார் எங்கள் குழுத் தலைவர், மலாய்க்காரர், பொறுமைசாலி. என் தோட்டத்தைப் பற்றி எனக்கேவா? பாலம், ஸ்டோர், முனி கோயில் என்று மூன்றே வைத்தேன். ஐந்து கற்களும் போய் ஆற்றுக்குள் விழுந்தன.

"கல்லெல்லாம் குளிக்கப் போயிருக்கிறதா?" என்று தலைவர் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்று புதன்கிழமை. மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு லயத்துக்குப் போனேன். அம்மா வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"என்னடி, மூஞ்சி இப்படி இருக்கு?"

"உங்க முனி கால வாரிட்டாரும்மா. அவரு கோயில வச்சா மேப்பே கோணிக்குது."

"எந்தக் கோயில வச்ச?"

"ஆத்தோரம் இருக்கே, அதுதான். நம்மகிட்ட எத்தன முனி இருக்கு?"

"அடி கூறுகெட்டவளே! அது வெள்ளக்காரன் கம்யூனிஸ்டுங்களோட சண்ட போட்ட அவசரகாலத்துல கீழ எறக்குனதுலா. அப்ப லயம் மலைமேல. பட்டாளத்தான் எங்கள எல்லாம் வேலிக்குள்ள கொண்டாந்தான். சாமிய மட்டும் விட்டுட்டு வரமுடியுமா? எங்கப்பாவும் இன்னும் மூணு பேரும் அவரு கல்ல மூங்கில்ல கட்டித் தூக்கிட்டு வந்தாங்க."

நான் பிறப்பதற்கு முன்னால் நடந்த கதை. சாமி நகரும் என்று எனக்கு எப்படித் தெரியும்? கீரையோடு அவளை அப்படியே கட்டிக்கொண்டு, வந்த வேகத்தில் திரும்பி ஓடினேன். முனியை எடுத்துவிட்டு இரயில் கடவையையும் பழைய கிணற்றையும் வைத்தேன். இந்த முறை ஒழுங்காக நான்கு. கற்கள் ஆற்றைவிட்டு எழுந்து மலைமுகட்டில் போய் வரிசையாக நின்றன. அடேயப்பா!

வியாழக்கிழமை பாராங் கத்தியால் புதரை வெட்டிக்கொண்டு ஏறினோம். முதல் கல் இடுப்புயரம், பாசி பிடித்து நின்றது. "இருக்குலா! இருக்குலா!" என்று கத்தியதில் என் தொண்டையே கட்டிவிட்டது. ஐந்தும் இருந்தன. கல்லுக்குக் கல் ஒரே இடைவெளி. ஐந்தாவது கல்லிலிருந்து அதே இடைவெளியில், வரைபடத்தில் முக்கோணம் இருந்த இடத்தில், ஒரு குழி மட்டும்.

குழியைப் பார்த்ததும்தான் புரிந்தது. நான் சின்ன வயதில் மஞ்சள் பூசிக் கும்பிட்ட முனிதான் ஆறாவது கல்.

வெள்ளிக்கிழமை வரைபடத்தைக் கொடுத்தோம். மலையைச் சுற்றிச் சிவப்புக் கோடு போட்டு, தொடக்கூடாது என்று எழுதிவிட்டார்கள். ஞாயிறன்று அம்மாவை மலைக்கு அழைத்துப் போனேன். ஐந்து கற்களையும் பார்த்துவிட்டு, குழியருகே வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"கூடப்பொறந்ததுங்களவிட்டுப் பிரிச்சில்லடி கொண்டாந்துட்டோம்."

"முனிய அடுக்குமாடிக்கும் தூக்கிட்டுப் போகணும்னு பேசிக்கிறாங்களேம்மா?"

"வேணாம்" என்றாள் அம்மா. "உங்க பாஸ்கிட்ட கேளு, நாலு பேரு மூங்கிலோட வர்றோம். இந்தத் தடவ அடுக்குமாடிக்கு நாங்க மட்டும் போறோம். அவரு வீட்டுக்குப் போகட்டும்."