எந்த வாரம் யார் முதலாளி

எழுபதுகளின் கடைசியில் ராசிபுரத்துக்குப் பக்கத்தில் மூன்று பேர் கூட்டுச் சேர்ந்து ஜவ்வரிசி ஆலை வைத்தோம். பெரியப்பா மகனான என் அண்ணன், என் மனைவியின் அண்ணனான மச்சான், அப்புறம் நான். பத்திரம் எழுதும்போது வக்கீல், "நிர்வாகத்தப் பாக்கற பங்குதாரர் யாருங்க?" என்று கேட்டார். மூவரும் ஒரே குரலில் "நானுங்க" என்றோம். எட்டாம் வகுப்போடு நின்றவன் எந்தத் தைரியத்தில் வாயைத் திறந்தேன் என்று வீடு வந்து சேரும்வரை என்னையே கேட்டுக்கொண்டு வந்தேன்.

கடைசியில் வாரத்துக்கு ஒருவர் முதலாளி என்று முடிவானது. மச்சான் வாரத்தில் அவர் போடுகிற சத்தத்துக்கு ரோட்டில் போகிற மாட்டுவண்டி நின்றுவிடும். அண்ணன் வாரத்தில் எல்லோருக்கும் டீயும் போண்டாவும் வரும். வேலை மெதுவாகப் பின்னால் வரும். என் வாரத்தில் எல்லோரும் வானத்தைப் பார்ப்பார்கள். களத்தில் காய்கிற ஜவ்வரிசி மழையில் நனைந்தால் கூழாகிவிடும். அதனால் கையளவு மேகம் தெரிந்தாலும் அள்ளச் சொல்லிவிடுவேன்.

"மாப்ள வாரத்துல காக்கா நெழலு உழுந்தாக்கூட சரக்கு உள்ள போயிருதுங்க" என்று மச்சான் என் காதுபடவே அண்ணனிடம் சொன்னார். "அப்பறம் எப்பத்தான் காயறது? அவரு பங்க மட்டும் வாங்கிக்கிட்டு ஊட்டுல இருக்கட்டும். ஞாயித்துக்கெழம பேசி முடிச்சிரலாம்."

எனக்குச் சோறு இறங்கவில்லை. வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்தால் ஆலைக்கு என்னென்ன ஆகும் என்று யோசிக்க நாள் முழுக்க நேரம் கிடைக்கும். அதை நினைத்தாலே பகீரென்றது.

அது மச்சானின் வாரம். மத்தியானம் மேற்கே கருத்தது. களத்தில் சரக்கைக் கிளறிக்கொண்டிருந்த பெண்கள் மேகத்தைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார்கள். அவர்களில் மூத்தவர், "ஏனுங் சாமி, அள்ளிரலாமுங்களா?" என்றார்.

"என்னையக் கேக்காதீங்க. இது அவரு வாரமுங்க."

மச்சான் கொட்டகையிலிருந்து வந்தார். "மாப்ளே, உங்க மூஞ்சியே பாதி மழைங்க. ராசிபுரம் போயி மோட்டாருக்கு பெல்ட் வாங்கிட்டு வாங்க."

"பெல்ட் நல்லாத்தானுங்களே இருக்குது?"

"இன்னொன்னு இருக்கட்டும். நிர்வாகம்னா என்னன்னு இன்னிக்கிக் காட்டறேன்."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வானத்தையே பார்த்துக்கொண்டு போனேன். ராசிபுரத்தில் இறங்கியதும் தூறல் போட்டது. பெல்ட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். சரக்கெல்லாம் கூழாகிப் பன்றிகள் தின்பதுபோல் வழியெல்லாம் ஒரே காட்சி.

ஆலைக்கு வந்தால் அங்கே ஒரு சொட்டு விழுந்திருக்கவில்லை. ஆனால் களம் காலி. சரக்கு முழுக்கக் கொட்டகையில் குவிந்திருந்தது. பெண்கள் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

"நீங்க பஸ் ஏறுன ஒடனே அள்ளச் சொன்னாருங்க" என்றார் மூத்தவர். "அப்பறம் விரிக்கச் சொன்னாரு. மறுக்கா அள்ளச் சொன்னாரு. உங்க வாரமே தேவலாமுங்க."

மச்சான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். தொண்டை கட்டியிருந்தது.

"நீங்க பக்கத்துல இருந்தா, நீங்க பயப்படறதப் பாத்து நான் தைரியமா இருந்துருவேன் மாப்ளே. இன்னிக்கி ரெண்டையும் நானே பாக்க வேண்டியதாப் போச்சு. ஒரு மனுசனால ஆவுற காரியமாங்க அது?"

ஞாயிற்றுக்கிழமை பேச்சு டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. வாரக் கணக்கே வேண்டாம், மூன்று பேரும் எல்லா நாளும் வருவது என்றானது. "சத்தத்த அவரு பாத்துக்கட்டும், பேசிச் சமாளிக்கறத நான் பாத்துக்கறேன்" என்ற அண்ணன் என் பக்கம் திரும்பினார். "பயத்த நீ பாத்துக்க தம்பி."

"மனசுக்குள்ளயே வெச்சுக்கறதா, வெளிய சொல்றதாண்ணா?"

"சொல்லுங்க" என்றார் மச்சான். "ஆனா ஒரு நாளைக்கி ஒருக்காத்தான்."

மறுநாள் காலை ஆலைக் கதவைத் திறப்பதற்குள்ளேயே அன்றைக்கு உண்டான ஒரு பயத்தைச் சொல்லித் தீர்த்துவிட்டேன். பொழுது சாயும்வரை வாயை மூடிக்கொண்டு இருந்தது பெரும்பாடாகிவிட்டது.