காலிஸ்தோவின் ஜீப்னிக்குள் படுத்திருந்தவர்கள்

காலிஸ்தோ ஆளேற்றி ஓட்டும் ஜீப்னி வண்டிக்குள் இரண்டு பிணம் கிடப்பதாக டிசம்பர் இருபத்து நான்காம் தேதி காலை எட்டு மணிக்கு ஒரு வதந்தி புறப்பட்டது. ஒன்பதரைக்குள் அது நான்காகிவிட்டது. ஆபலித் ஊரில் பிணங்கள்கூடப் பண்டிகைக்குக் குடும்பத்தோடுதான் வரும்.

விசாரித்ததில், ஆதாரம் இல்லாமலில்லை. பயணிகள் முட்டிமோதும் நாளில் வண்டி வாசல் வெயிலில் சும்மா நின்றது. மழையே இல்லாமல் மழைப் படுதாக்கள் இறங்கியிருந்தன. பின்வாசலைப் போர்வை அடைத்திருந்தது. இடுக்கில் கண்வைத்தவர்களுக்கு வெள்ளைத் துணி போர்த்திய மேடுகள் தெரிந்தன. புளித்த வாடை வேறு. காவலுக்கு, மரக்கரண்டியும் கையுமாக, காலிஸ்தோவின் மனைவி லுமிங்.

லுமிங் பள்ளிக் கேன்டீனில் பத்தொன்பது வருடமாகச் சமைக்கிறவள். கிறிஸ்துமஸ் நள்ளிரவுப் பூசை முடிந்து வருகிறவர்களுக்கு அவள் மேஜையில் என்சைமாதா என்கிற இனிப்பு ரொட்டி இல்லாமல் போனதே இல்லை. நாற்பது மஞ்சள் கருவும் வெண்ணெயும் குடித்த மாவை, அடியில் மேஜையின் மரக்கோடு தெரியுமளவு மெல்லிசாக இழுத்து, சுருட்டி, வளைத்து வைப்பாள். மாவு பிசைகிற மிஷினை ஒருத்தி இரவல் தர வந்தபோது, "அதுக்கு மாவு அலுத்துக்கிறது தெரியுமா?" என்று திருப்பி அனுப்பினாள்.

இந்த வருடம் வாடைக்காற்று. அடுப்படியில் மாவு கோபித்துக்கொண்ட மருமகளாக உட்கார்ந்திருந்தது. மணிலாவிலிருந்து சம்பந்தியம்மா முதல்முறையாக வருகிறார். கையில் கடை என்சைமாதா ஒரு பெட்டி கொண்டுவருவதாகச் சொல்லியும்விட்டார். மாவு எழும்பாவிட்டால் லுமிங் மேஜையில் அந்தப் பெட்டிதான்.

"என் வண்டி என்ன அடுப்பா?" என்று விடிந்ததுமே கேட்டிருந்தான் காலிஸ்தோ.

"தகரக் கூரைதானே? வெயில்ல நல்லா சூடேறும். தட்ட புடிங்க."

பத்து மணிக்கு ஊர்த்தலைவர் செல்சோ வந்தார். பின்னால் சந்தே வந்தது.

"போர்வைய எடு, லுமிங்."

"எடுத்தா காத்து புகுந்துரும், தலைவரே. எல்லாம் அமுங்கிரும்."

"எது அமுங்கிரும்?"

"ரொட்டி."

"ரொட்டிக்கு யாராவது போர்வை போத்துவாங்களா?"

"உங்க மண்டைக்குத் தொப்பி போடலையா? இன்னும் நாப்பது நிமிஷம். அதுக்குள்ள தொட்டீங்க, கரண்டிதான் பேசும்."

தலைவர் கரண்டியைப் பார்த்தார். பிறகு நிழல் பார்த்து உட்கார்ந்தார். சந்தும் உட்கார்ந்தது.

நாற்பதாவது நிமிடம் லுமிங் தானே போர்வையை அவிழ்த்தாள். இரண்டு பெஞ்சிலும் எண்பத்து நான்கு, துணியைத் தலையால் முட்டித் தூக்கிக்கொண்டு நின்றன. விரலால் ஒன்றை மெல்ல அழுத்தினாள். குழி சாவகாசமாக நிமிர்ந்தது. லுமிங்கும் நிமிர்ந்தாள். "எண்ணிக்குங்க, தலைவரே. பிணம் எத்தனை?"

நள்ளிரவில், சீஸ் துருவிய முதல் என்சைமாதாவைச் சம்பந்தியம்மா தின்றார். இரண்டாவதையும் தின்றார். மூன்றாவதை எடுக்கும்போது, தன் பெட்டியைக் காலால் மெல்ல நாற்காலிக்கு அடியில் தள்ளினார். இத்தனை வருடத்தில் லுமிங்குக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதுதான் பெரிசு.

தலைவரும் வந்திருந்தார். லுமிங் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"சந்து முன்னால என்னைக் கொலைகாரி ஆக்கினீங்களே. சந்து முன்னாலயே மன்னிப்புக் கேளுங்க."

"வாய் நிறைய இருக்கு, லுமிங். காலியானதும் கேக்கறேன்."

ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாளும் வந்து போய்விட்டது. தலைவரைப் பார்க்கும்போதெல்லாம் வாய் எதையாவது மென்றுகொண்டுதான் இருக்கிறது.