ரேடியோவின் ஆறு பட்டன்கள்

கார் ரேடியோ செத்துப்போனால், கண்டிக்குப் பக்கத்தில் அலவத்துகொட ஊரில் இருக்கும் ஹாஷிமிடம் கொண்டுபோ என்பார்கள். கண்டி டவுன் கடைகளில் பழைய செட்டைக் கண்டதுமே, கழற்றிப் போட்டுவிட்டு டச் ஸ்கிரீன் மாட்டச் சொல்லுவார்கள். ஹாஷிமுக்கு அந்தப் பேச்சே ஆகாது. காரோடு வந்த செட் காரோடுதான் இருக்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். ஐம்பத்தெட்டு வயதிலும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு டேஷ்போர்டுக்குக் கீழே தலைகீழாகப் புகுந்துகொள்வார்.

இன்னொரு பிடிவாதமும் உண்டு. எந்த வண்டியானாலும் அல்லாஹ்வின் பெயரால் பிஸ்மி சொல்லி, பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிய பிறகுதான் மற்ற வேலை. கல்யாணமான புதிதில் வெள்ளி மோதிரத்தோடு ஒரு வேனின் வயர்களுக்குள் கையை விட்டார். கரண்ட் பாய்ந்து மோதிரம் பழுக்கக் காய்ந்து விரலோடு ஒட்டிக்கொண்டது. அந்த வடு இன்றைக்கும் விரலைச் சுற்றி இருக்கிறது. அதன் பிறகு மனைவி மஸீனா அவரை மோதிரமே போடவிடவில்லை. முதலில் பேட்டரியைக் கழற்றும் அந்த ஒழுங்கு முப்பது வருஷமாக ஒரு நாளும் பிசகியதில்லை என்பதில் மனிதருக்குக் கொஞ்சம் கர்வம்தான்.

ஒரு சனிக்கிழமை காலை, தெல்தெனியவிலிருந்து நிரோஷா என்ற பெண் பழைய ஜப்பான் கார் ஒன்றைத் தானே ஓட்டிக்கொண்டு வந்தாள். ஊர் வழக்கப்படி, முஸ்லிம் அண்ணன் என்ற முறையில் அவரை நானா என்றே கூப்பிட்டாள்.

"நானா, எல்லாம் ஓடுது, ரேடியோ மட்டும் ஓடல. வேற செட் போட்றாதீங்க. எனக்கு இதேதான் வேணும்."

ஹாஷிமுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. "அப்படிச் சென்னீங்களே, அதுவே போதும் தங்கச்சி. இத நான் எழுப்பித் தாறேன்."

வேறொன்றும் கேட்கவில்லை. பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்தார், பிஸ்மி சொன்னார், டெர்மினலைக் கழற்றினார். பிறகு டேஷ்போர்டுக்குக் கீழே புகுந்தார். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றபடி அவள் பேச ஆரம்பித்தாள்.

"இது என் வீட்டுக்காரரோட கார். மோகனராஜ்னு பேரு. கடைகளுக்குத் தேயிலைப் பாக்கெட் போடுறவர். காலைல தனியா கிளம்பினா பொழுது சாஞ்சுதான் வருவார். வீட்டுல ரெண்டு வார்த்தைக்கு மேல பேச மாட்டார். மூணு மாசத்துக்கு முன்னாடி நெஞ்சு வலிக்குதுன்னாரு. இதே கார்லதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். ஆஸ்பத்திரி வரைக்கும்கூட தாங்கல, வழியிலேயே போயிட்டார்."

செட்டின் பக்கம் கையைக் காட்டினாள்.

"இதுல ஆறு பட்டன் இருக்கில்ல நானா? நான் ஏறினா எனக்குத் தலைவலி வரும்னு ரேடியோவ நிப்பாட்டிடுவார். பதினாலு வருஷம் தனியா என்ன கேட்டுக்கிட்டுப் போனாரோ, எனக்குத் தெரியாது. ஒவ்வொண்ணா அமுக்கிப் பாக்கணும். அதுக்காகத்தான் கார விக்கல. பேட்டரி இறங்கிடக் கூடாதுன்னு ஞாயித்துக்கு ஞாயிறு ஸ்டார்ட் பண்ணி வச்சேன்."

ஹாஷிமின் கை அப்படியே நின்றுவிட்டது.

அந்த மாதிரி செட்டுக்கு இரண்டு வழியாகக் கரண்ட் வரும். சாவி போட்டால் வருவது பாடுவதற்கு. சாவியை எடுத்தாலும் ஓயாமல் வருவது, பட்டன்களில் வைத்த ஸ்டேஷன்களை ஞாபகம் வைத்திருப்பதற்கு. பேட்டரியைக் கழற்றினால் அதுவும் போய்விடும். இத்தனை வருஷத்தில் எத்தனையோ வண்டிகளில் அப்படிப் போயிருக்கிறது. ஆட்கள் திரும்ப வைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

ஒரே ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது. ஞாபகத்துக்கான பியூஸ் ஏற்கெனவே எரிந்திருந்தால் பட்டன்கள் அன்றைக்கே காலியாகியிருக்கும். யா அல்லாஹ், அதுவாக இருக்கட்டும் என்று மனசுக்குள் கெஞ்சியபடி அந்தப் பியூஸைப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளே கம்பி முழுசாக இருந்தது. எரிந்திருந்தது மற்றது, ரேடியோவுக்கும் சிகரெட் லைட்டருக்கும் பொதுவான பியூஸ். மாற்றுவதற்கு இரண்டு நிமிஷம் போதும். பேட்டரியைத் தொட்டிருக்கவே வேண்டாம்.

புதிய பியூஸைப் போட்டு, டெர்மினலை மாட்டி, சாவியைத் திருப்பினார். செட்டில் வெளிச்சம் வந்தது. நிரோஷா அவசரமாக உள்ளே உட்கார்ந்து முதல் பட்டனை அமுக்கினாள். இரைச்சல். இரண்டாவது, மூன்றாவது என்று ஆறாவது வரை போனாள். எல்லாவற்றிலும் ஒரே எண், ஒரே இரைச்சல்.

"ரேடியோ ஏன் நின்னுச்சு நானா?"

"லைட்டர் குழியில சார்ஜர் ஏதும் சொருகினீங்களா?" பழக்கதோஷத்தில் வாய் கேட்டுவிட்டது.

அவள் முகம் வெளிறிப்போயிற்று. "அன்னைக்கு போன்ல சார்ஜ் இல்ல. அவர் பக்கத்துல சாஞ்சு கெடந்தார். நான்தான் சொருகினேன். அப்ப... நான்தான் அழிச்சிட்டேனா?"

ஹாஷிம் பேசாமல் இருந்திருக்கலாம். பெயரும் கெட்டிருக்காது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்த பிறகு அவரால் முடியவில்லை.

"இல்ல தங்கச்சி. சார்ஜரால பாட்டு மட்டுந்தான் நின்டிச்சி. அவர் வச்சதெல்லாம் உள்ளுக்குத்தான் இரிந்திச்சி. பேட்டரியக் கழட்டி நான்தான் அழிச்சேன். மொதல்ல கேட்டிரிக்கோணும். கேக்கல்ல."

அவள் ஆறாவது பட்டனிலிருந்து விரலை எடுத்தாள்.

"மூணு மாசமும் இருந்துச்சா?"

"இரிந்திச்சி."

"இன்னைக்குக் காலைல நான் வீட்டுல இருந்து கிளம்பினப்பவும்?"

ஹாஷிம் கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்துக்கொண்டே, "இரிந்திச்சி" என்றார்.

திட்டியிருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை. கதவைச் சாத்தி, காரைப் பின்னால் எடுத்து, ரோட்டில் ஏற்றினாள். ஸ்பேனரும் கையுமாக ஹாஷிம் வாசலில் நின்றார். திறந்திருந்த ஜன்னல் வழியே அந்த இரைச்சல் வளைவு வரைக்கும் கேட்டது. அவள் அதை நிறுத்தவில்லை.