ஈர மண்ணில் வாடிய பிகோனியா

1. ஒரு நெடில்

குண்டசாலையில் ஓர் அலங்காரச் செடி நர்சரியில் மேற்பார்வையாளராகச் சேர்ந்த முதல் வாரம். நேர்முகப் பரீட்சையில் சிங்களம் நன்றாக வரும் என்று சொல்லியிருந்தேன். உண்மையில் கடைவீதியில் சமாளிக்கும் அளவுக்குத்தான் வரும். வீட்டில் கைக்குழந்தை; எனக்கு வேலை வேண்டியிருந்தது.

முதலாளி சிங்களவர். அன்று தெல்தெனியவுக்குப் போயிருந்தவர், காலையில் போன் எடுத்து பிகோனியா கூடாரத்துக்கு "லூனு வத்துர" ஊற்றச் சொன்னார். லைன் இரைந்தது.

"லுணு வத்துரவா, மாத்தயா?"

"ஒவ், ஒவ்" என்று ஆமோதித்துவிட்டு வைத்துவிட்டார்.

வத்துர என்றால் தண்ணீர், லுணு என்றால் உப்பு. லூனு என்றால் வெங்காயம். வெங்காயத் தோல் ஊறவைத்த தண்ணீரைப் பூச்சிக்கு ஊற்றுவது அங்கே வழக்கம் என்று எனக்குத் தெரியாது. நத்தைக்கு உப்புப் போடுவதைப் பார்த்திருக்கிறேன். அதுவாக்கும் என்று நானே உப்பைக் கரைத்து வாளி வாளியாக ஊற்றினேன். ஆட்கள் வெளியே மண் சலித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு யோகம் என்ற பெண் பழுத்த இலை கிள்ள உள்ளே போனாள். கலஹா பக்கத்துத் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வருபவள், பத்தொன்பது வயது.

2. கூடாரம்

மத்தியானம் பார்வதி அக்கா ஓடி வந்தார். அங்கே பழைய ஆள் அவர்தான்.

"சார், வந்து பாருங்க. செடியெல்லாம் படுத்திருச்சு."

பொலித்தீன் கூரைக்குக் கீழே அத்தனை பிகோனியாவும் தலை தொங்கி நின்றன. காற்று இல்லை. பைகளின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மண்ணில் விரல் வைத்தேன், சேறு. ஓர் இலையைத் தொட்டேன். நனைந்த துணிபோல் விரலில் ஒட்டியது. இவ்வளவு தண்ணீருக்கு நடுவில் அவை தாகத்தில் செத்துக்கொண்டிருந்தன.

"மண்ணு ஈரமா இருக்கு, செடி வாடுது. இது வேற விசயம் சார்" என்ற பார்வதி அக்கா குரலைத் தாழ்த்தினார். "இந்த யோகம் நேத்துலருந்து வீட்டுக்குத் தூரம். அதோட உள்ள போயி தொட்டிருக்கா."

யோகம் வாசலில் நின்று தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பின்னேரம் முதலாளி வந்தார். "லூனு வத்துர ஊத்தினதுதானே?" இப்போது நெடில் தெளிவாகக் கேட்டது. அவர் முதுகுக்குப் பின்னால் ஸ்டோர் ஓரத்தில் ஒரு பீப்பாய்; விளிம்புவரை வெங்காயத் தோல் மிதந்தது. யாரும் அதிலிருந்து ஒரு வாளிகூட எடுத்திருக்கவில்லை.

"ஊத்தினேன், மாத்தயா."

அவர் பார்வதி அக்கா சொன்னதைக் கேட்டார். நம்பினாரோ இல்லையோ, "அந்தப் புள்ள நாளைக்கி வர வேணாம் சொல்லுங்க" என்றார். நான் போய்ச் சொன்னேன்.

"சார், நான் தொட்டதுனாலதானா?" என்று கேட்டாள்.

நான் உப்பு வாளியைக் கழுவப் போனேன்.

3. பிரசாரணம்

உயர்தரத்தில் உயிரியல் படித்தவன் நான். செடியின் கலம் ஒவ்வொன்றும் தண்ணீர் நிரம்பிய சிறு பை. மண்ணில் உப்பு குறைவாக இருக்கும்வரை தண்ணீர் வேரின் மென்சவ்வு வழியாக உள்ளே வரும். கலம் புடைத்துச் செடி நிமிரும். வெளியே உப்பு கூடினால் அதே சவ்வு வழியாகத் தண்ணீர் வெளியேறும்; இதைத்தான் பிரசாரணம் என்று படித்தோம். கலம் சுருங்கி, சுவரைவிட்டு உட்பக்கமாக விலகும். பாடசாலை நுணுக்குக்காட்டியில் அதைப் பார்த்திருக்கிறேன். சுவர் அப்படியே இருக்க, உள்ளே இருப்பது மட்டும் ஒரு மூலைக்கு ஒதுங்கும். அன்றிரவு கண்ணை மூடினால் அதுதான் தெரிந்தது.

மறுநாள் யோகம் வந்து கேட்டுக்கு வெளியே நின்றாள். வீட்டில் சொல்லப் பயமாம். நான் முதலாளியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், "சிங்களம் தெரியும் சொன்னீங்க, தானே?" என்றார்.

பிறகு அவளை வரச் சொன்னார். யோகத்தை உள்ளே கூப்பிட்டேன்.

"வேணாம் சார், மிச்சமும் செத்துரும்."

வற்புறுத்தி ஹோஸைக் கையில் கொடுத்து, உப்பு கழுவிப் போகும்வரை பையொன்றுக்குப் பல தடவை நல்ல தண்ணீர் ஊற்றவைத்தேன். பெரும்பாலானவை அழுகிப்போயின. ஓரத்தில், உப்புக் குறைவாக விழுந்த ஒரு வரிசை மட்டும் பின்னேரமாக அசைந்தது. காற்றில்லாத கூடாரத்தில் தண்டுகள் ஒவ்வொன்றாகத் தாமாகத் தலைதூக்கின. பார்வதி அக்கா வாயைப் பொத்திக்கொண்டார்.

நான் நடந்ததை விளக்கினேன். யோகம் முழுவதும் கேட்டாள்.

"அப்ப நேத்தே ஏன் சார் சொல்லல?"

வேலை இருவருக்கும் நிலைத்தது. ஆனால் யோகம் மாதத்தில் மூன்று நாள் கூடாரத்துக்குள் கால் வைத்ததேயில்லை. எனக்குப் பிறகு வரும் பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான்: விளங்காத சொல்லைத் திரும்பக் கேளுங்கள்; தவறு செய்தால் அன்றைக்கே சொல்லுங்கள். ஒரு நாள் பிந்திச் சொன்ன உண்மை, செடியைக் காப்பாற்றினாலும் ஆளைக் காப்பாற்றாது.

போன மாதம் என் மகள் பெரியவளானாள். கறிவேப்பிலைச் செடிப் பக்கம் போகாதே என்று மனைவி சொன்னாள். மகள் என்னைப் பார்த்தாள். "போய்ப் பறிச்சிட்டு வாம்மா" என்றேன், பறித்து வந்தாள்.

மறுநாள் விடியும் முன்பே எழுந்து, பிரசாரணம் படித்த நான், அந்தச் செடியின் இலைகளைத் தொட்டுப் பார்த்தேன்.