சூரியனைப் பார்த்து உட்கார்ந்தவர்

கட்டுமாவடிக் கடற்கரையில் காலை நேரத்தில் படம் வரைய உட்கார்ந்தால், இன்னாசி வாத்தியார் சூரியனுக்கு நேராகத்தான் முகத்தைக் காட்டுவார். கண் கூசும், நீர் வழியும், நிறங்கள் ஏமாற்றும். சித்திரம் பழகிய எவரும் செய்யாத காரியம் அது.

“மொகம் வெந்து போகும் வாத்தியாரே. இங்கிட்டுத் திரும்பி எங்களையும் வரைஞ்சா கை தேஞ்சா போகும்?” என்று கேலி செய்துவிட்டுப் போவாள் மீன்காரி செவந்தி.

அவர் சிரித்துக்கொண்டே தூரிகையைக் கழுவுவார். காரணம் அவருக்கும் அவர் மனைவி அருளம்மாளுக்கும் மட்டுமே தெரியும்.

ஆவூரில் பிறந்த இன்னாசி, 1950-ல் இந்த ஊர்ப் பள்ளிக்கு டிராயிங் மாஸ்டராக வந்தார். சாயங்காலம் பள்ளி விட்டதும் பலகையும் வண்ணப் பெட்டியுமாகக் கடற்கரைக்கு ஓடுவார். நான்கு சுவருக்குள் வரைந்தால் அவருக்கு மூச்சு முட்டும். கண்ணில் பட்டதை விடமாட்டார், படாததைச் சேர்க்கமாட்டார். செத்த நண்டு கிடந்தால் படத்திலும் அது கிடக்கும்.

அந்தக் கரையில்தான் அருளம்மாளைக் கண்டார். அவளைக் கட்டிய மரியசூசை கடலுக்குப் போய்த் திரும்பாதவன். உடல் கரை சேரவில்லை. கடலோடு போனவனுக்குக் குழி வெட்டும் வழக்கம் அவன் வீட்டாருக்கு இல்லை. பங்குச் சாமியார் வருஷக்கணக்கில் விசாரித்து, இனி வரமாட்டான் என்று உறுதியான பிறகே இருவருக்கும் கல்யாணம் முடித்து வைத்தார். மூழ்கிப்போன வாழ்க்கை மறுபடி கரையேறியதே என்று அன்று அவள் விம்மி விம்மி அழுதாள்.

மூன்று வருஷம் கழிந்தது. ஒரு சாயங்காலம் கடல் வெகுதூரம் உள்வாங்கியிருந்தது. தண்ணீர் ஓரத்தில் ஓர் ஆள் நின்றான். இன்னாசி வரைந்தார். மறுவாரம் அதே ஆள், சற்றுக் கிட்டத்தில். அதற்கடுத்த முறை இன்னும் கிட்டத்தில். முகம் மட்டும் தெரியவில்லை. வேதக்காரர்கள் கழுத்துக் கயிற்றில் அணியும் சிறு துணியான உத்தரியம் அவன் மார்பில் தொங்கியது; அதன் ஓரத்தில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. அதையும் தீட்டினார்.

காயப் போட்டிருந்த படங்களைப் பார்த்த அருளம்மாளின் கையிலிருந்து சொம்பு நழுவி விழுந்தது.

“இவுகளை எங்க பார்த்தீங்க?”

“கரையிலதான். யாரோ வலைக்காரர். ஏன்?”

“அந்த உத்தரியம் கிழிஞ்சப்ப, வேற நூல் இல்லைன்னு சிவப்பு நூலால தச்சுக் கொடுத்தவ நான்.”

அது மரியசூசையின் உத்தரியம். அவன் உயிரோடிருந்தால் அவள் கழுத்திலிருக்கும் தாலி பொய். அருளம்மாள் அவர் மனைவியே அல்ல.

“இனி அங்கிட்டுப் போகாதீங்க.”

“போகாம இருந்தா மட்டும் நீ நிம்மதியாத் தூங்குவியா, அருளு?”

மறுநாள் போனார். கரை வெறிச்சென்று கிடந்தது. “மரியசூசை” என்று ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்தார். பதில் இல்லை. நெஞ்சுப் பாரம் இறங்க, மணலையும் நீரையும், மேற்கு வெயிலில் தன் காலடியிலிருந்து கடலை நோக்கி நீண்ட நிழலையும் கண்டபடியே வரைந்து முடித்தார்.

“பாரு. யாரும் இல்லை.”

அருளம்மாள் வெகுநேரம் பார்த்தாள். அவள் விரல் படத்தின் அடிப்பக்கம் வந்து நின்றது.

“தனியாத்தானே போனீங்க?”

ஈரமணலில் இரண்டு நிழல்கள் கிடந்தன. ஒன்று உட்கார்ந்திருந்தது. மற்றொன்று அதன் தோளுக்குப் பின்னால் நின்று, குனிந்து, படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கண்ணில் படாததை அவர் வரைந்ததே இல்லை.

அவள் அழவில்லை. “உசுரோட இருந்தா வாசலுக்கே வந்து எம் பேரைச் சொல்லியிருப்பாக. குழி கேட்டு வந்திருக்காக” என்றாள்.

சாமியார் சம்மதித்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை, நான்கு படங்களையும் ஒரு பெட்டியில் வைத்துக் கல்லறைத் தோட்டத்துக்கு எடுத்துப் போனார்கள். காகிதம் மட்டுமே இருந்த பெட்டியைத் தூக்க நான்கு ஆண்கள் திணறினார்கள். வழிநெடுக அடிப்பலகையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அருளம்மாள் ஒரு சொட்டைத் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்புக் கரித்தது.

அதன்பின் கரையில் அந்த ஆளை யாரும் பார்க்கவில்லை. ஆனால் இன்னாசி சாயங்காலத்தை விட்டுக் காலைக்கு மாறினார். மூட்டம் போட்ட நாள்களில் மட்டும் எந்தப் பக்கமும் திரும்பி உட்கார்ந்து ஆசைதீர வரைவார். வெயில் அடித்தால் சூரியனைப் பார்த்தே உட்காருவார். அப்போது நிழல் முதுகுக்குப் பின்னால் விழும்.

அங்கே எத்தனை நிழல் என்று அவர் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.